ஸ்பிரிங்கின் வேலையை ஆயிலிடம் கேட்டேன்

இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க முன் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தேன். வண்டியின் மூக்கு நன்றாகக் குனிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. டங் என்று இரும்பும் இரும்பும் மோதிய சத்தம். ஹேண்டில்பார் வழியாகத் தோள்பட்டை வரை ஏறிய அடி. சக்கரம் ஒரு கணம் பக்கவாட்டில் நழுவி, மறுபடி சாலையைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் குழாய்க் கால்கள்தான் ஃபோர்க். அது தன் முழு நீளத்துக்கும் அமுங்கி, இனி போக இடமில்லாமல் முட்டி நிற்பதைத்தான் பாட்டம் அவுட் என்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. டயர் மட்டும்தான் மிச்சம். வளைவில் சாய்ந்திருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்கு அரை நொடி காட்டப்பட்டது.

அதுவரை என் வண்டியின் முன்பக்கத்தைப் பற்றி எனக்கு இரண்டு குறைகள் இருந்தன. பிரேக் பிடித்தால் அளவுக்கு மீறி அமுங்குகிறது, அதாவது மெத்தென்று இருக்கிறது. சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள், பாலத்தின் இணைப்புகள் போன்ற சிறு மேடுகளில் மணிக்கட்டை உதறுகிறது, அதாவது முரடாக இருக்கிறது. ஒரே ஃபோர்க் எப்படி மெத்தென்றும் முரடாகவும் இருக்க முடியும்? இந்தக் கேள்வியை அப்போதே நின்று யோசித்திருந்தால் ஒரு வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் யோசிக்கவில்லை. "கனமான ஆயில் ஊத்துங்க, அமுங்கறது நின்னுடும்" என்று நாலு பேர் சொன்னார்கள். 10 டபிள்யூ இருந்த இடத்தில் 20 டபிள்யூ ஊற்றினேன் (எண் கூடினால் ஆயிலின் தடிமன் கூடும்).

வண்டியை நிறுத்திவைத்துக் கையால் அமுக்கிப் பார்த்தால் அருமையாக இருந்தது. கெட்டியாக, நிதானமாக இறங்கியது. ஓட்டினால் கதை வேறு. சிறு மேடுகளில் முன்பைவிட இரண்டு மடங்கு உதறல். பிரேக் பிடித்தால் மெதுவாக இறங்கியது என்பது உண்மை. ஆனால் இறங்கி இறங்கி, கடைசியில் பழைய ஆழத்துக்கே போய் நின்றது. ஒரு மேட்டில் அமுங்கிய ஃபோர்க் அடுத்த மேடு வருவதற்குள் முழுதாக எழும்பவும் இல்லை. தொடர்ந்து நாலைந்து குழிகள் வந்தால் படிப்படியாகக் கீழே போய், அந்தத் தாழ்ந்த நிலையிலேயே அடி வாங்கியது. மீண்டும் டங்.

ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஒரு வேலை செய்கிறது, ஆயில் வேறொரு வேலை செய்கிறது. எவ்வளவு தூரம் அமுங்க வேண்டும் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை எவ்வளவு வேகத்தில் கடக்க வேண்டும் என்பது ஆயில் கையில். நான் ஸ்பிரிங்கிடம் கேட்க வேண்டியதை ஆயிலிடம் கேட்டிருந்தேன்.

இந்தப் பிரிவினை பழையது. தொடக்ககால பைக்குகளில் முன்பக்கம் கர்டர் ஃபோர்க் இருந்தது: இணைப்புத் தண்டுகள், ஒரு ஸ்பிரிங், துள்ளலை அடக்க உராய்வுத் தட்டுகள். அந்தத் தட்டுகளின் பிடியைக் கையால் முறுக்கித்தான் சரிசெய்ய வேண்டும். 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 மாடலில் எண்ணெயால் அடக்கப்படும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தயாரிப்பு வண்டியிலேயே கொண்டுவந்தது. குழாய்க்குள் குழாய், உள்ளே ஸ்பிரிங், கூடவே துளைகள் வழியாகத் தள்ளப்படும் எண்ணெய். தொண்ணூறு வருடம் ஆகியும் பெரும்பாலான வண்டிகளின் முன்பக்கம் அதே அமைப்பில்தான் இயங்குகிறது.

ஒரு மாலை நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய கணக்கு இல்லை, பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் நான் படித்த எல்லாவற்றையும்விட எனக்குத் தெளிவு தந்தது இதுதான், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

வண்டி 160 கிலோ. உடுப்பு, ஹெல்மெட்டோடு நான் 80 கிலோ. மொத்தம் 240. ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதில் சுமார் 105 கிலோ முன் சக்கரத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின்னாலிருந்து ஒரு பகுதி எடை முன்னால் வருகிறது. எவ்வளவு வரும் என்பது மொத்த எடை, பிரேக்கின் கடுமை, எடைமையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் என்ற நான்கைப் பொறுத்தது. புவியீர்ப்பில் 0.7 பங்கு என்ற அளவில் பிரேக் பிடிக்கிறேன், எடைமையம் தரையிலிருந்து 0.6 மீட்டர், சக்கர இடைவெளி 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்: 240 பெருக்கல் 0.7 பெருக்கல் 0.6, அதை 1.4ஆல் வகுத்தால் 72. பிரேக்கை அழுத்திய உடனே 72 கிலோ எடை ஃபோர்க்கின் மேல் கூடுதலாக ஏறிவிடுகிறது.

என் ஃபோர்க்கின் ஸ்பிரிங் ஒரு காலுக்கு 0.65 கிலோ/மி.மீ. என்று பிறகு தெரிந்தது. இரண்டு காலுக்கும் சேர்த்து 1.3. அதாவது ஒவ்வொரு 1.3 கிலோவுக்கும் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும். 72 கிலோவுக்கு 55 மி.மீ. நான் ஏறி உட்கார்ந்தாலே என் வண்டி 48 மி.மீ. அமுங்கியிருந்தது; அதை எப்படி அளந்தேன் என்று பின்னால் சொல்கிறேன். 48ம் 55ம் 103. ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம், அதாவது ஓட்டம், 120. மிச்சம் 17 மி.மீ. பள்ளம் வந்தால் சமாளிக்க என்னிடம் இருந்தது ஒரு விரல் அகலம்.

உண்மையில் அதுவும் இல்லை. ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அதனால் பிரேக் போடும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசையில் ஒரு பங்கு நேராக ஃபோர்க்கை அமுக்கவே போகிறது. மேலே போட்ட கணக்கு குறைந்தபட்சக் கணக்கு. உள்ளே அடைபட்ட காற்று கடைசி நேரத்தில் கொஞ்சம் முட்டுக்கொடுப்பதால்தான் ஒவ்வொரு பிரேக்குக்கும் டங் கேட்காமல் இருந்தது.

இந்தக் கணக்கில் ஆயில் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. 10 டபிள்யூ ஊற்றினாலும் 20 டபிள்யூ ஊற்றினாலும் 72 கிலோ 72 கிலோதான், 55 மி.மீ. 55 மி.மீ.தான். கனமான ஆயில் அங்கே போய்ச் சேரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பிரேக்கை இரண்டு மூன்று நொடி தொடர்ந்து பிடிக்கும் இறக்கத்தில் அந்தத் தாமதத்தால் எந்தப் பயனும் இல்லை.

இந்த இடத்தில் தடுமாறியது நான் மட்டும் இல்லை. 1980களில் பெரிய ஜப்பானிய நிறுவனங்கள் எல்லாம் ஆன்ட்டி-டைவ் என்று ஒன்றை விற்றன. பல அமைப்புகளில் பிரேக் ஆயிலின் அழுத்தமே ஃபோர்க்குக்குள் ஒரு வால்வை நகர்த்தி, அமுங்கும்போது ஆயில் போகும் கம்ப்ரஷன் பாதையைக் குறுக்கிவிடும். பிரேக் பிடித்தால் ஃபோர்க் கெட்டியாகும். மூக்கு குனிவது குறைந்தது உண்மைதான். ஆனால் பிரேக் பிடித்தபடி மேட்டில் ஏறினால் சக்கரம் அமுங்க மறுத்தது. எந்த நேரத்தில் டயர் சாலையோடு ஒட்டியிருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் அது துள்ளியது. பத்து வருடத்துக்குள் அந்த அமைப்புகள் வழக்கொழிந்தன. தூரத்தைக் குறைக்க ஆயிலை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

அளக்கத் தொடங்கியது ஒரு ஜிப் டையோடு. ஃபோர்க்கின் உள்குழாயைச் சுற்றி, டஸ்ட் சீலுக்கு (தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மேலே, ஒரு மெல்லிய ஜிப் டையை இறுக்கமாக இல்லாமல் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபோர்க் அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளும். எழும்பும்போது அது அங்கேயே நின்றுவிடும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று அந்தப் பிளாஸ்டிக் துண்டு சாட்சி சொல்லும். சஸ்பென்ஷனில் கை வைக்க நினைக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது ஸேக். ஆள் ஏறி உட்கார்ந்தவுடன் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. சாலை வண்டிக்கு முன்பக்கம் 30 முதல் 40 மி.மீ. வரை, மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள், இருந்தால் நல்லது. மேடு வந்தால் அமுங்க இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கி சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கவும் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஸேக்.

இதைத் தனியாக அளக்க முடியாது. தம்பியைக் கூப்பிட்டேன். முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பும்படி வண்டியைத் தூக்கிவைத்து, டஸ்ட் சீலிலிருந்து மேலே குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வரை ஒரு அளவு. பிறகு நான் முழு உடுப்போடு ஏறி, ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்தேன். பின்னால் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். தம்பி முன்பக்கத்தைக் கீழே அமுக்கி மெதுவாக விட்டான். தானாக எழும்பி நின்ற இடத்தில் ஒரு அளவு. பிறகு மேலே தூக்கி மெதுவாக விட்டான். தானாக இறங்கி நின்ற இடத்தில் இன்னொரு அளவு.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணா வரலையே."

"எவ்வளவு வித்தியாசம்டா?"

"பதினாலு."

"இன்னொரு தரம் பாரு."

"பார்த்தாச்சுண்ணா. பதினாலுதான்."

இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் ஸேக். அதுதான் 48. ஆனால் அன்று என்னைத் திடுக்கிட வைத்தது அந்தப் பதினாலு. இரண்டு அளவுக்கும் இடையிலான வித்தியாசம் என்பது ஃபோர்க்குக்குள் இருக்கும் உராய்வு. சீல்கள், குழாய் வழுக்கும் வளையங்களான புஷ்கள், குழாய்கள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால் ஃபோர்க் தான் நிற்க வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. சிறு மேடுகளில் மணிக்கட்டை உதறியதற்குப் பாதிக் காரணம் இங்கே இருந்தது. சிறிய மேட்டின் விசை இந்த உராய்வைத் தாண்டாவிட்டால் ஃபோர்க் அசையவே அசையாது. மேடு நேராகக் கைக்கு வந்துவிடும். மெத்தென்றும் முரடாகவும் ஒரே நேரத்தில் இருந்ததன் ரகசியம் பாதி அவிழ்ந்தது.

அந்த உராய்வைக் குறைத்தது எந்தப் புதுப் பாகமும் இல்லை, இரண்டு போல்ட்டுகள். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலை இறுக்கிவிட்டு அதைப் பிடிக்கும் பின்ச் போல்ட்டையும் உடனே இறுக்கிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு கால் கொஞ்சம் உள்ளே இழுபட்டோ வெளியே தள்ளப்பட்டோ நின்றுவிடும். இரண்டு கால்களும் இணையாக இல்லாவிட்டால் குழாய்கள் புஷ்களில் சாய்ந்து உரசும். சரியான முறை: ஆக்ஸிலை அதற்குரிய டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) இறுக்கு, பின்ச் போல்ட்டைத் தளர்வாகவே விட்டுவை, வண்டியை இறக்கி முன் பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து முறை நன்றாக அமுக்கி எழுப்பு. கால் தனக்குச் சௌகரியமான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகு பின்ச் போல்ட்டை இறுக்கு. என் வண்டியில் மட்கார்டைப் பிடிக்கும் தகடும் லேசாக வளைந்திருந்தது. அதையும் நிமிர்த்திப் பூட்டினேன். பதினாலு ஆறாகிவிட்டது. காசு செலவில்லாமல் இவ்வளவு பெரிய மாற்றத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் இந்த வண்டியில் கண்டதில்லை.

(டயரின் காற்றழுத்தத்தையும் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டையும் இதற்கெல்லாம் முன்பே பார்த்துவிட வேண்டும். கோன் செட்டில் ஆட்டம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வரும் தட்டல், ஃபோர்க்கிலிருந்து வருவது போலவே கேட்கும்.)

அடுத்து பிரீலோடு, அதாவது எடை ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் அளவு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகாது. ஸ்பிரிங்கை உள்ளே வைக்கும்போதே 10 மி.மீ. கூடுதலாக அமுக்கி வைத்தால், வண்டி 10 மி.மீ. உயரமாக நிற்கும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 0.65 கிலோதான் எதிர்ப்பு. என் வண்டியில் பிரீலோடைத் திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு குழாய்த் துண்டு ஸ்பேஸராக இருக்கும். அதைவிட 13 மி.மீ. நீளமான துண்டை வெட்டிப் போட்டேன். ஸேக் 48இலிருந்து 35 ஆனது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் நான் ஏறாமல் வண்டி மட்டும் நிற்கும்போது இருந்த ஸேக் 30இலிருந்து 17 ஆகக் குறைந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்கான இடம் சுருங்கிவிட்டது. பிரேக்கில் 55 மி.மீ. இறங்குவதும் அப்படியே. கொஞ்சம் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறது, அவ்வளவுதான். ஆள் ஏறிய ஸேக் சரியாக இருந்து, வெறும் வண்டியின் ஸேக் மிகக் குறைவாக இருந்தால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெல்லியது, பிரீலோடால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஒருமுறை கையால் அளந்துவிட்டால் மறக்காது.

ஸ்பிரிங்கை மாற்றுவதென்று முடிவெடுத்தேன். ஒரு காலுக்கு 0.85 கிலோ/மி.மீ., நேர்கோட்டு வகை. அதாவது முழு நீளமும் ஒரே கெட்டி. பலர் புரோக்ரஸிவ் வகையைப் பரிந்துரைத்தார்கள். முதலில் மெல்லியதாகவும் போகப்போகக் கெட்டியாகவும் இருக்கும் ஸ்பிரிங். எனக்கு அதில் ஒரு மனத்தடை உண்டு. அந்த மெல்லிய பகுதி முழுவதையும் ஆள் ஏறிய எடையும் லேசான பிரேக்கும் தின்றுவிடும். அதோடு, ஆயில் துளைகளை ஒரு கெட்டிக்குத்தான் பொருத்த முடியும். ஓட்டத்தின் ஒவ்வொரு இடத்திலும் கெட்டி மாறினால் எதற்கென்று பொருத்துவது? நல்ல புரோக்ரஸிவ் ஸ்பிரிங்குகளில் திருப்தியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். என் கைக்கு நேர்கோடு பிடித்தது.

ஃபோர்க்கைப் பிரித்த நாள் பற்றிச் சிலவற்றை விவரமாகச் சொல்ல வேண்டும். இவை கையேட்டில் ஒரு வரியில் முடிந்துவிடும், கையில் ஒரு நாளைச் சாப்பிடும். மேல்மூடியைத் தளர்த்துவது, கால் இன்னும் வண்டியில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. கழற்றிய பிறகு அந்தக் குழாயைப் பிடித்து நிறுத்த உங்களிடம் எதுவும் இருக்காது. அதற்கும் முன்னால் மேல் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப் குழாயை நெரித்துக்கொண்டிருக்க, மூடியின் மரை அரைபடும். மூடியை முழுதாகக் கழற்றும்போது முகத்தை நேர் மேலே வைக்கக் கூடாது. உள்ளே ஸ்பிரிங் அமுங்கியபடி காத்திருக்கிறது; கடைசி மரையில் அது துள்ளிக்கொண்டு வரும். கையால் அழுத்திப் பிடித்தபடி திருப்ப வேண்டும்.

காலின் அடியில், ஆயில் போகும் துளைகள் உள்ள டேம்பர் ராடைப் பிடித்திருக்கும் ஆலன் போல்ட் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ராடும் கூடவே சுற்றும், போல்ட் கழலாது. மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே, ஸ்பிரிங் ராடை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அந்தப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி விட்டுவிட்டால் பிழைத்தீர்கள். நான் வலது காலில் இதை அறியாமல் அரை நாள் போராடினேன். இடது கால் இரண்டு நிமிடத்தில் வந்தது.

வெளியே வந்த ஆயில் அழுக்குச் சாம்பல் நிறம், மீன் நாற்றம். 20 டபிள்யூ ஊற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விரலில் தேய்த்தால் மினுமினுவென்று அலுமினியத் துகள். புஷ்களில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. மாற்ற வேண்டிய நேரம் என்பதற்கு அதுதான் அடையாளம். புஷ், ஆயில் சீல், டஸ்ட் சீல் மூன்றையும் மாற்றினேன். ஃபோர்க்கைத் திறந்த பிறகு சீலில் மிச்சம் பிடிப்பது வீண், ஏனென்றால் கசிந்தால் அதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த ஆயில் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காது. குரோம் குழாயில் நகத்தில் தட்டும் அளவுக்கு ஒரு சிறு கீறல் இருந்தது. 2000 எண் உப்புத்தாளில் ஆயில் தொட்டு மேடான விளிம்பை மட்டும் தேய்த்தேன். புது சீலைக் கிழிப்பது அந்த விளிம்புதான்.

ஆயில் ஊற்றும்போது அளவுக் குடுவையை நம்புவதைவிட மட்டத்தை நம்புவது நல்லது. ஸ்பிரிங் இல்லாமல், காலை முழுதாக அமுக்கிவைத்து, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். அதற்கு முன் பத்துத் தடவையாவது மெதுவாக ஏற்றி இறக்கி உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிவிட வேண்டும். மேலே மிஞ்சும் அந்தக் காலியிடம் வெறும் காலியிடம் இல்லை, அது இன்னொரு ஸ்பிரிங். ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்று நசுங்கும். தொடக்கத்தில் அதன் எதிர்ப்பு அனேகமாகத் தெரியாது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் விறுவிறுவென்று ஏறும். குழாய்களின் கனத்தைக் கணக்கில் விட்டுவிட்டுச் சொன்னால், காற்றுக்கான இடைவெளி 140 மி.மீ. இருக்கும்போது 120 மி.மீ. ஓட்டம் முடிகையில் உள்ளழுத்தம் சுமார் 1.86 மடங்காகிறது. ஆயிலை 20 மி.மீ. உயர்த்தி இடைவெளியை 120 ஆக்கினால் இரண்டு மடங்கு. பாட்டம் அவுட்டைத் தடுக்க இதைவிட நேர்த்தியான கருவி கிடையாது. சிறு மேடுகளின் மென்மையை அது தொடுவதே இல்லை. என் பழைய ஆயிலை எடுக்கும் முன் அளந்தபோது இரண்டு கால்களுக்கும் 25 மி.மீ. வித்தியாசம் இருந்தது. ஒரு கால் ஒரு மாதிரியும் மறுகால் இன்னொரு மாதிரியும் எதிர்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு சிரிஞ்சும் மெல்லிய குழாயும் வைத்து இரண்டையும் 140இல் நிறுத்தினேன்.

ஆயிலின் எண் பற்றி ஒன்று. 10 டபிள்யூ என்று டப்பாவில் எழுதியிருப்பது எல்லா நிறுவனங்களிலும் ஒரே தடிமன் இல்லை. 40 டிகிரி செல்சியஸில் சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு) என்ன என்று தயாரிப்பு விவரத்தாளில் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூ முப்பதுகளில் இருக்க, இன்னொன்றின் 10 டபிள்யூ 45ஐத் தாண்டும். நிறுவனம் மாற்றினால் டப்பாவில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

புது ஸ்பிரிங்கோடு ஸேக் 35, வெறும் வண்டிக்கு 22. பிரேக்கில் கூடுதலாக வரும் 72 கிலோவுக்கு 42 மி.மீ. முன்பு 103இல் போய் நின்றது இப்போது 77. பள்ளத்துக்கென்று 43 மி.மீ. கைவசம். அதே இறக்கம், அதே வளைவு. பிரேக் பிடித்தேன், மூக்கு குனிந்தது, ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது. வண்டியின் மேல் எனக்கு இருந்த பயம் எந்த அளவுக்கு என் ஓட்டும் விதத்தையே மாற்றி வைத்திருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. வளைவுக்குள் பார்வையைக் கொண்டுபோக முடிந்தது. அதுவரை முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

கூர்மையான விளிம்புள்ள குழிகளில் மட்டும் அந்த உதறல் மிச்சம் இருந்தது. இது என்னுடையது போன்ற டேம்பர் ராடு ஃபோர்க்கின் பிறவிக் குணம். ஆயில் அதில் நிலையான துளைகள் வழியாகப் போகிறது. துளை வழியாகத் தள்ளப்படும் திரவத்தின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. பிரேக்கில் ஃபோர்க் மெதுவாக அமுங்குகிறது, அப்போது துளை தாராளமாக வழிவிடுகிறது. குழியின் விளிம்பில் ஃபோர்க் மின்னல் வேகத்தில் அமுங்க வேண்டும், அப்போது அதே துளை அடைத்துக்கொள்கிறது. மெத்தென்றும் முரடாகவும் இருந்ததன் மீதிப் பாதி இது. கனமான ஆயில் ஊற்றியபோது மெதுவான பக்கம் கொஞ்சமே சரியாகி, வேகமான பக்கம் ஏன் அப்படிக் கெட்டது என்பதற்கும் இதுதான் பதில். கார்ட்ரிட்ஜ் வகை ஃபோர்க்குகளில் துளைகளின் மேல் மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அழுத்தம் ஏறினால் அவை வளைந்து வழியைப் பெரிதாக்கும்.

என் ஃபோர்க்கில் கார்ட்ரிட்ஜ் பொருத்துவது பெரிய வேலை. நடுவழி ஒன்று உண்டு: எமுலேட்டர் வால்வு. ரேஸ் டெக் நிறுவனத்தின் கோல்டு வால்வு இந்த வகையில் பெயர்பெற்றது. டேம்பர் ராடின் தலைமேல் ஒரு சிறு வால்வு உட்காரும். மெயின் ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும். ராடில் இருக்கும் கம்ப்ரஷன் துளைகளைப் பெரிதாகத் துளைத்துவிட வேண்டும், எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். அந்தத் துளைகள் இனி எதையும் கட்டுப்படுத்தக் கூடாது என்பதுதான் நோக்கம். கட்டுப்பாடு வால்வுக்குப் போய்விடும். மெதுவாக அமுங்கும்போது வால்வு மூடியிருந்து தாங்கும். திடீர் அடி வந்தால் தன் சிறு ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு திறக்கும். எவ்வளவு அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதை அந்தச் சிறு ஸ்பிரிங்கின் போல்ட்டில் அரைச் சுற்று, கால் சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். வால்வின் உயரத்துக்கு ஸ்பேஸரைக் குறைத்து வெட்ட மறக்கக் கூடாது. மறந்தால் பிரீலோடு ஏறி, உழைத்துச் சரிசெய்த ஸேக் போய்விடும். ராடில் துளை போட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்பதால் இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கோடு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே நான் இதில் இறங்கினேன்.

ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் எழும்புவது, மட்டும் இன்னும் பழைய ராடின் துளைகள் வழியாகத்தான் நடக்கிறது. அதனால் இப்போது ஆயிலின் தடிமனை ரீபவுண்டுக்காகவே தேர்ந்தெடுக்க முடிகிறது. கம்ப்ரஷனைப் பற்றிக் கவலை இல்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும் நிலை போய், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளி கிடைத்துவிட்டார். ஷோவா நிறுவனத்தின் சில ஃபோர்க்குகளில் ஒரு காலில் ஸ்பிரிங்கும் மறுகாலில் ஆயிலின் வேலையான டேம்பிங்கும் என்றே பிரித்துவைத்திருப்பதைப் பார்த்தபோது இந்தக் காரணத்தால்தான் அது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ஃபோர்க்கின் மேலும் கீழும் கிளிக்கர் (டேம்பிங்கைத் திருகி மாற்றும் திருகு) உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். ஆனால் அங்கும் ஸேக்கை முடித்துவிட்டுத்தான் கிளிக்கரைத் தொட வேண்டும். முழுதாக மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். மூடும்போது பலம் காட்டக் கூடாது, ஊசி வால்வின் முனை கெட்டுவிடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும், ஒரே சாலையில், மாற்றிப் பாருங்கள்.

முன்பக்கம் கெட்டியாகி உயர்ந்து நின்றால் ஸ்டீயரிங் கோணமும் கொஞ்சம் சாய்ந்துவிடும், திருப்புவது மந்தமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியதால் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புக்கு மேலே 4 மி.மீ. ஏற்றி வைத்தேன். இதில் பேராசை கூடாது. முழுதாக அமுங்கும்போது சக்கரமோ மட்கார்டோ மேலே எதிலும் முட்டவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஓட்ட வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவு ஏறியிருக்கின்றனவா என்பதை ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் இல்லை.

எட்டு மாதமாக இந்த அமைப்பில் ஓடுகிறது. ஜிப் டை வழக்கமாக 95க்கும் 105க்கும் நடுவில் நிற்கிறது. ஒருமுறை மட்டும், இருட்டில் கவனிக்காமல் ஒரு பெரிய குழியில் இறங்கியபோது, 116 வரை போயிருந்தது. சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன். குளிர்ந்த அதிகாலைகளில் முதல் பத்து நிமிடம் ஃபோர்க் எழும்புவது இன்னும் சற்றே மந்தமாக இருக்கிறது. அடுத்த ஆயில் மாற்றத்தில் சென்டிஸ்டோக்ஸ் ஐந்தாறு குறைந்த ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும், மட்டத்தை 140லேயே வைத்துக்கொண்டு.